‘அப்படியாவது அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாங்களா?’

ஓசூரிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சொந்தக் கிராமத்தையும் கம்பெனியையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பெயரை மட்டும் போடலாமாம். அவர் கதை அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது: போதும்பொண்ணு. நம் பக்கத்தில் அந்தப் பெயரில் ஊருக்கு ஒருத்தர் இருப்பார் என்பதால் நானும் போடுகிறேன்.

1989-ல் பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில், இரண்டு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவர். பிறந்த அன்று அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், பால் கொடுக்கவில்லை. வீட்டில் கள்ளிப்பால் பேச்சுகூட எழுந்ததாம். அப்பாவைப் பெற்ற ஆயாதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார், பசும்பாலைச் சங்கில் புகட்டி வளர்த்தார். இதையெல்லாம் ஊர்க்காரர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் தம்பி பிறந்தான். அம்மாவும் அப்பாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பெண்கள் மூவரும் ஆயாவிடம். இவர் வயசுக்கு வந்தபோது சொல்லி அனுப்பியும் அம்மா வரவில்லை. அன்று கான்கிரீட் போடும் நாள், கூலி போய்விடும் என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்பில் 432 மார்க். “பொட்டப்புள்ளைக்கு இது போதும்” என்றார் அம்மா.

17 வயதில் ஆயா இறந்துபோனார். 18-ல் ஓசூர் கம்பெனி வேலை, ஹாஸ்டல். கம்பெனி பஸ் ஓட்டியவர் தினமும் “சாப்பிட்டியா?” என்று கேட்டார். 20 வயதில் அவரோடு கல்யாணம். ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார், சந்தேகப்பட்டார், அடித்தார். எட்டு வருடம் பொறுத்து, ஐந்து வயது மகளோடு வெளியே வந்தார். மகள் இப்போது எட்டாம் வகுப்பு.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம். “நீ தனியாத்தானே இருக்கே, பொம்பளப் புள்ளைதான் பாக்கணும்” என்கிறார் தம்பி. கூடவே நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் இவரிடம் கையெழுத்தும் கேட்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று. “என் வாழ்க்கை இப்படிப் போனதுக்கு அம்மா பாசம் இல்லாததுதான் காரணமா? என் மகள் கட்டிப்பிடிக்க வந்தா என் உடம்பு மரக்கட்டையா ஆயிடுது, நானும் என் அம்மாவா மாறிட்டேனா? அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரணுமா?” கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பின்குறிப்பும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள போதும்பொண்ணு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது கதையைப் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்ததால் பேனாவை எடுத்து எண்ணினேன். ‘அப்படியாவது’ என்ற சொல் ஆறு இடத்தில் இருக்கிறது. தம்பியின் துணியையும் சேர்த்துத் துவைத்தேன், அப்படியாவது அம்மா ஒரு வார்த்தை பேசுவாங்கன்னு. ராத்திரி விளக்கு வெச்சுப் படிச்சேன், அப்படியாவது. முதல் சம்பளத்தை அப்படியே அனுப்பினேன், அப்படியாவது. அடி வாங்கியும் இருந்தேன், அப்படியாவது ஒருத்தர் நம்மகூட இருக்காரேன்னு. இப்போது கையெழுத்துப் போடுகிறேன், அப்படியாவது. அம்மாவைக் கூட்டி வருகிறேன், அப்படியாவது.

முப்பது வருடமாக ஒரே மனுவை வேறு வேறு காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் மூன்று கேள்விக்கும் நான் சொல்லப்போகிற பதில் இந்தச் சொல்லைச் சுற்றித்தான்.

‘சமத்துக் குழந்தை’ கற்றுக்கொண்டது

“நான் ஒரு முட்டாள், சாப்பிட்டியான்னு கேட்டவன் பின்னாடி போயிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயாவும் போய், அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனிதர்கூட இல்லாமல் இருந்த 19 வயதுப் பெண்ணின் காதில் அது விழுந்தது. பட்டினி கிடந்தவர்கள் இலையில் விழுந்த சோற்றை ருசி பார்த்துவிட்டு உட்காருவதில்லை. கவனிப்புக்கும் கண்காணிப்புக்கும் உள்ள வித்தியாசம், கவனிப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் சட்டென்று தெரியும். ‘சாப்பிட்டியா’ எப்போது ‘எங்கே போயிருந்தே’ என்று மாறியது என்பது உங்களுக்கு நெடுநாள் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடில்லாமல் நின்ற குழந்தைகளைப் பற்றி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குழந்தைக்குச் சோறு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், அழுதால் திரும்பிப் பார்க்கும் ஒரு நிலையான ஆள் என்பது அதன் சாரம். அழுது அழுது யாரும் வராத குழந்தை ஒரு கட்டத்தில் அழுவதை நிறுத்திவிடும். நாம் அதைச் ‘சமத்து’ என்போம். “அடமே பிடிக்காது, எங்க விட்டாலும் இருந்துக்கும்” என்று உங்களைப் பற்றி உறவுக்காரர்கள் பெருமையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இது. கேட்டால் கிடைக்காது, அதனால் கேட்காதே. வேலை செய்து சம்பாதித்துக்கொள் என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

தர்மபுரியில் நான் ஆலோசனைக்கு உட்காரத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சமத்துக் குழந்தைகளை வளர்ந்த பெண்களாகப் பார்த்துவருகிறேன். அறைக்குள் வந்ததும் என் முகத்தைப் பார்த்து “தலைவலியா மேடம், அப்புறம் வரட்டுமா?” என்பார்கள். மற்றவர் முகத்தைப் படிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள். தனக்குப் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டால் யோசிப்பார்கள். கம்பெனியில் ஓவர்டைம் என்றால் முதல் கை அவர்களுடையது. சம்பள உயர்வு கேட்கும்போது அந்தக் கை எழாது. லைன் லீடர் ஆவதற்கு உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மூன்று வருடம், உங்களுக்கு ஒன்பது வருடம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்யாணத்தைப் போலவே அதையும் நான் அடிக்கோடிட்டேன்.

ஆக, அம்மாவின் அரவணைப்பு இல்லாதது உங்கள் முடிவுகளைத் தொட்டிருக்கிறதா என்றால், ஆமாம். எல்லாமே அதனால்தானா என்றால், இல்லை. 432 மார்க் வாங்கிய பெண்ணுக்கு மேலே படிக்க வழியில்லாமல் போனதில் மழை பொய்த்த நிலத்துக்கும் பெண் பிள்ளைக்குச் செலவு எதற்கு என்ற ஊர்ப் புத்திக்கும் பங்குண்டு. அடித்தவரின் குற்றம் அடித்தவருடையது. அன்பு கிடைக்காமல் வளர்ந்ததால்தான் அடி வாங்கினேன் என்று எழுதும்போது, அந்த மனிதரின் கணக்கிலிருந்து கழித்து உங்கள் அம்மா கணக்கிலும் உங்கள் கணக்கிலும் ஏற்றுகிறீர்கள். வேண்டாம்.

உங்கள் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள். பிரசவம் முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, குழந்தையைத் தொடாமல் கிடப்பது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். இருந்ததா என்று இன்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். பெண் சிசுக்கொலைக்காகச் சேலமும் நம் மாவட்டமும் செய்தித்தாளில் அடிபட்ட காலம். தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் வந்ததே 1992-ல்தான், தர்மபுரிக்கு வர 2001 ஆனது. மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றவளை அந்த வீடு எப்படிப் பார்த்திருக்கும்? தனக்கே இடமில்லாத வீட்டில் உங்களுக்கு அவர் எங்கிருந்து இடம் கொடுப்பார்? இது காரணம். காரணம் தெரிந்தால் காயம் இல்லாமல் போகாது. “அம்மாவை மன்னிச்சாத்தான் உனக்கு நிம்மதி” என்று உங்கள் பெரியக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பு ஒரு நாள் தானாக வந்தால் வரட்டும். நிம்மதிக்கு அதைக் கட்டணமாகக் கட்ட வேண்டியதில்லை.

உங்கள் மகளும் ஆயாவின் கையும்

“அம்மா பாசம் தெரியாத நான் எப்படி ஒரு அம்மாவா இருக்க முடியும்?” இந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. தாயன்பு பெற்றவளிடமிருந்து மட்டும்தான் வரும் என்ற எண்ணம் அது. பௌல்பியோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தவர். அங்கே கூட்டாக வளரும் குழந்தைகள் தாயோடு மட்டுமல்லாமல், தங்களைக் கவனிக்கும் மற்றவர்களோடும் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார். நம் திண்ணைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. உங்களைச் சங்கில் பால் புகட்டி வளர்த்த கை ஒன்று 17 வருடம் உங்கள் மேல் இருந்திருக்கிறது. கடிதத்தில் அம்மாவுக்கு ஆறு பக்கம், ஆயாவுக்கு அரைப் பக்கம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில்தான் வாசனை இருக்கிறது: களி கிண்டும் அடுப்பு, விளக்கெண்ணெய் வைத்த தலை, மாரில் சாய்ந்துகொண்டு கேட்ட கதை. அம்மாவின் பக்கங்களில் வாசனையே இல்லை.

டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர், மனநல ஆய்வாளரும்கூட. குழந்தைக்குக் குறையில்லாத தாய் தேவையில்லை, ‘போதுமான தாய்’ இருந்தால் சரி என்றார். தவறுவாள், திரும்பி வந்து சரிசெய்வாள், அதுவே குழந்தைக்குப் போதும். உங்களை வேண்டாம் என்று சொல்வதற்காக உங்களுக்கு வைத்த பெயரில் இருக்கும் ‘போதும்’ என்ற சொல்லே இங்கே வேறு பொருளில் வருவதைப் பார்த்தீர்களா? எனக்கு இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

மகளைக் கட்டிப்பிடித்தே ஆக வேண்டும் என்று உடம்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பழகாத உடம்பு இறுகத்தான் செய்யும். உங்கள் கைக்குத் தெரிந்த வழியில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுங்கள், தலை பின்னிவிடுங்கள், அவள் முதுகு உங்கள் முழங்காலில் சாயட்டும். அப்புறம் அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “சின்ன வயசுல எங்கம்மா என்னைக் கட்டிப்பிடிச்சுப் பழக்கமில்ல பாப்பா. நான் விறைச்சுப் போறது உன்மேல கோபத்துல இல்ல. நீ வந்தா எனக்குப் பிடிக்கும்.” 13 வயதுக்கு இது புரியும். உங்கள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பியபோது அது ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் குழந்தை ‘நான்தான் காரணம்’ என்று எழுதிக்கொள்ளும். உங்கள் மகளுக்கு அதை எழுதிக்கொள்ள விடாதீர்கள்.

அம்மாவை அழைத்து வருவதா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007-ம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பொறுப்பைத்தான் கொடுத்திருக்கிறது. ‘பொம்பளப் புள்ளைதான் பாக்கணும்’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறீர்கள்.

அடுத்தது கஷ்டமான விஷயம். போன மாதம் பார்க்கப் போனபோது அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், வாழ்க்கையில் முதல் முறை, “மாறிட்டாங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் மை கலங்கியிருக்கிறது. பக்கவாதம் வந்த சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுக்குள் நிற்காது, மூளையில் பட்ட அடியால் அப்படி ஆகும். அம்மாவின் அழுகை அதுவா, இத்தனை வருடம் சொல்லாததா, இரண்டும் கலந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அது மனசிலிருந்து வந்ததாக நீங்கள் வைத்துக்கொள்ளலாம், எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த ஒரு அழுகையை நம்பி உங்கள் வீட்டையும் மகளின் இரண்டு மூன்று வருடத்தையும் அடகு வைக்காதீர்கள்.

மகளை ஏன் சொல்கிறேன் என்றால், இருப்பது ஒரே அறை வீடு, உங்களுக்கு ஷிப்ட் வேலை. ‘பி’ ஷிப்ட் போனால் பாட்டியைத் திருப்பிப் படுக்கவைப்பதும் துணி மாற்றுவதும் யார்? எட்டாம் வகுப்புப் படிக்கிற உங்கள் மகள். வீட்டு வேலைக்காக ஒரு சிறுமியின் குழந்தைப் பருவம் எடுத்துக்கொள்ளப்பட்டது உங்களோடு நிற்கட்டும்.

எனக்குச் சரியென்று படுவது இது. அம்மா இப்போது இருக்கும் கிராமத்து வீட்டிலேயே இருக்கட்டும். நான்கு பேரும் பணத்தையும் நாட்களையும் பங்கு போட்டு, பெரியவர் ஒருவர் முன்னிலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு மாதம் ஒரு தொகையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் என்று இருக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வார்கள், பிரஷர், சுகர் மாத்திரையும் கொடுப்பார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்தாயிற்றா என்று தம்பியிடம் கேளுங்கள். பக்கவாதத்தில் முதல் சில மாதப் பயிற்சிதான் பெரிய பலன் தரும், இப்போதே மூன்று மாதம் போய்விட்டது.

இதையெல்லாம் மீறி, என் அம்மாவை நானே பார்க்கிறேன் என்று முடிவெடுத்தாலும் அது தவறில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று காலம் குறித்துக் கூட்டி வாருங்கள். பகலில் துணைக்கு ஒரு ஆள், அதற்கான பணத்தில் தம்பியின் பங்கு, இவை முன்கூட்டியே பேசி முடிந்திருக்கட்டும். கூட்டி வரும் முன்பு ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: கடைசி நாள் வரைக்கும் அம்மாவிடமிருந்து ஒரு நல்ல வார்த்தைகூட வரவில்லை என்றாலும் இதைச் செய்வேனா? ‘செய்வேன்’ என்று வந்தால் செய்யுங்கள். ‘அப்படியாவது’ என்று வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

கையெழுத்து

இப்போதைக்குப் போடாதீர்கள். நான் வக்கீல் இல்லை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். அப்பா உயில் எழுதாமல் போனதாக எழுதியிருக்கிறீர்கள். நிலம் அவர் சம்பாதித்தது என்றால் அம்மா, தம்பி, நீங்கள் மூன்று பெண்கள், ஐந்து பேருக்கும் சம பங்கு. பூர்வீகம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் 2005 திருத்தத்துக்குப் பிறகு அதிலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை. விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் திரும்ப எடுப்பது லேசில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். எல்லாம் தெரிந்தபின் தம்பிக்கே விட்டுக்கொடுக்கத் தோன்றினால் அது உங்கள் இஷ்டம். அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பை வாங்குவதற்கு நிலத்தைக் கொடுக்காதீர்கள். அந்தச் சிரிப்பு கையெழுத்துப் போட்ட அன்று தம்பியைப் பார்த்துத்தான் வரும்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமே இல்லை, மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். அதை நான் தாண்ட மாட்டேன். அது மனச்சோர்வாக இருக்கலாம், வேறு உடல்நோயாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து உண்டு. இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய் எடை குறைவதையும் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், மனநலப் பிரிவையும் பாருங்கள். லீவு கிடைக்கும் வரை அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்போது அந்தப் பென்சில் வரி. “அம்மா செத்தா எனக்கு அழுகை வருமான்னு பயமா இருக்கு மேடம். ஊரே பார்க்கும்.”

வரலாம், வராமலும் போகலாம். மாரடித்து ஒப்பாரி வைக்கும் மகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஊர், வறண்ட கண்ணோடு நிற்கும் மகளைப் பற்றி நான்கு வார்த்தை பேசத்தான் செய்யும். நிறையக் கொடுத்த தாய் போனால் என்ன போனது என்று தெரிந்து அழலாம். உங்களுக்கு அன்று அம்மாவோடு சேர்ந்து, ஒரு நாள் அவர் திரும்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையும் போகும். அதற்கு உடனே அழுகை வராமல், ஆறு மாதம் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வரலாம். அந்த அழுகையை அன்றுவரை தள்ளிப்போட வேண்டாம் என்பது என் ஆசை. அம்மா உயிரோடு இருக்கும்போதே, கிடைக்காத தாய்க்காக அழ உங்களுக்கு உரிமை உண்டு. செவ்வாய், வியாழன் மாலைகளில் தர்மபுரியில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வரும் நாளில் என்றாலும் சொல்லுங்கள், கதவைத் திறந்து வைக்கிறேன். மகளையும் கூட்டி வாருங்கள். வரும்போது ஆயாவைப் பற்றி இன்னும் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.